சபைக் கூச்சமும் 'நாலு பேர்' பயமும்

(ஃபீனிக்ஸ் பேயில் அங்கத்தினர் குடும்பங்கள் கூடியபோது ஆற்றிய உரை)

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வளரும் பெண் குழந்தைகளிடம் இருக்கும் ஒரு பயத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நம்மில் பலர் அதைப் பயம் என்றே எண்ணுவதில்லை. "எங்காத்துப் பொண்ணு ரொம்ப அடக்கம், வாயே திறக்க மாட்டா" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

நவராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். கொலுவுக்கு வந்த மாமி ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார். கூச்ச சுபாவமுள்ள பெண் முதல் நாள் நெளிவாள். மூன்றாம் நாள் தானே சுருதிப் பெட்டியை எடுத்து வைப்பாள். பயமுள்ள பெண்ணுக்கோ மகாளய பட்சத்திலேயே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்குத் தலைவலி என்று உள்ளே படுத்துக்கொள்வாள். பாடியே விட்டாலும், 'குரல் உடைந்ததே, மாமி சிரித்தாளே' என்று ராத்திரி முழுக்க மறுகுவாள். மாமி வேறெதற்கோ சிரித்திருப்பாள். வாய்மொழித் தேர்வுக்கே வராமல் மதிப்பெண்ணை இழந்த கெட்டிக்காரப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-ல் இது தனிக் கோளாறாக இடம் பெற்றது. பெரும்பாலும் 13 வயதையொட்டித் தொடங்குகிறது. பெண்களிடம் சற்று அதிகம். பிறவிச் சுபாவத்துக்கும் இதில் பங்கு உண்டு. அந்த வயதில் ஊரே தன்னைப் பார்ப்பதாகவும் தோன்றும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-ல் அதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்றார். நம் தீவில் அது பாதிதான் கற்பனை! படகுத்துறைக்குப் போனால் எதிர்ப்படுகிறவர்களில் பாதிப் பேர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள்.

இங்கே பள்ளியில் ஹிந்தி, ஆத்தில் தமிழ். லீவுக்குச் சென்னை போனால் அவள் தமிழைக் கேட்டு அத்தங்காக்கள் சிரிக்கிறார்கள். அப்பாவுக்கு மாற்றல் வந்தால் இருந்த இரண்டு சிநேகிதிகளும் போய்விடுகிறார்கள். "கறுத்துட்டியே, குண்டாயிட்டியே" என்று பையனிடம் யாரும் விசாரிப்பதில்லை. இவளிடம் வாசலிலேயே விசாரணை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்ததிலிருந்து இன்டர்நெட்டும் வேகமாகிவிட்டது. அவளைக் கேட்காமல் எடுத்த போட்டோ அரை நிமிஷத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில்!

கிளார்க், வெல்ஸ் என்ற இருவர் 1995-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். பயந்தவரின் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தன் மேலேயே திரும்பிவிடுகிறது; தப்பிக்கச் சின்னச் சின்ன உபாயங்கள் செய்கிறார்; அந்த உபாயங்களே பயத்தை நிலைக்க வைக்கின்றன. துப்பட்டாவை இழுப்பது, செல்போனைப் பார்ப்பது எல்லாம் அந்த வகைதான். ஆனால் பெரிய உபாயம் நாம்தான். "ப்ளஸ் டூல என்ன குரூப்?" என்று விருந்தாளி கேட்டால் அம்மா பதில் சொல்கிறாள். அந்த நிமிஷம் பெண்ணுக்கு நிம்மதி. பேசாததால் பிழைத்தோம் என்று மனசு கற்றுக்கொள்கிறது.

அதற்காக மேடையில் பிடித்துத் தள்ளவும் வேண்டாம். கப்பல் டிக்கெட் கவுண்டரில் நேரம் விசாரிக்கட்டும். அடுத்த வாரம் ஒரு விருந்தாளிக்குக் காபி கொடுத்து, ஒரு கேள்விக்குத் தானே பதில் சொல்லட்டும். 'மாமி என்ன கலர் புடவை கட்டியிருந்தாள்?' என்று பிறகு கேளுங்கள். கவனம் வெளியே திரும்பப் பழகும்.

ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், பள்ளிக்கே போக மறுத்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. இங்கேதான் நாம் தயங்குகிறோம். "நாளைக்கு வரன் பார்க்கறச்சே நாலு பேர் என்ன சொல்லுவா?" பெண்ணுக்கு இருக்கும் அதே வியாதி! வெளியே போகத் தயங்குகிறவர்கள் ஆத்திலிருந்தே 14416-ஐக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

இனி உங்கள் கேள்விகள். பெண்களே கேட்டால் ரொம்ப சந்தோஷம். மைக் வேண்டாம், உட்கார்ந்தபடியே கேட்கலாம். அம்மாக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.