சல்லிக்காசின் கணக்கு

(லாச்சப்பலில் நடந்த எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம். வர முடியாமல் போன தோழர்களுக்காக அனுப்புகிறோம்.)



இந்த ஃபோபூர் சென் தெனி வீதியில் எந்த நகைக்கடைக்குள்ள போனாலும் எங்கட அம்மாமார் "எத்தினை பவுண்?" எண்டுதான் கேப்பினம். கிராம் கணக்கு அதுக்குப் பிறகுதான் வரும். பிரான்சில் யூரோவில் சம்பளம் எடுக்கிறம், ஆனால் தாலிக்கொடியை இன்னும் பவுணில் நிறுக்கிறம். அந்தப் பவுண் எங்கிருந்து வந்தது? அது 'சொவறின்' எனப்படும் பிரிட்டிஷ் தங்கக் காசு. நிறை 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சாம்ராச்சியம் போய்விட்டது, அதன் படிக்கல் எங்கட வாயில் இருக்கு.

இண்டைக்குக் கதைக்கப் போறது பிரிட்டிஷ் காசுகளைப் பற்றி, குறிப்பாக ஏலத்துக்கு வரும் அரிய காசுகளைப் பற்றி. இது பணக்காரரின் பொழுதுபோக்கு, எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கோ.

முதலில் அந்த உலகம் எப்படி இயங்குது என்று பாப்பம். 2020இல் ஒரேயொரு சொவறின் காசு 10 இலட்சம் பவுணுக்குக் கைமாறியது. எட்டாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்தது, ஆண்டு 1937. அவர் 1936 டிசம்பரிலேயே முடியைத் துறந்துவிட்டார். அதனால் அந்தக் காசு புழக்கத்துக்கு வரவே இல்லை. மாதிரிக்கு அடித்த சிலதுதான் மிஞ்சியது. அடுத்தது 1933ஆம் ஆண்டுப் பென்னி. அந்த வருசம் நாட்டில் பென்னி தேவைக்கு மேல் இருந்ததால் புதிதாக அடிக்கவில்லை. அத்திவாரக் கற்களின் கீழ் வைப்பதற்கும் அருங்காட்சியகங்களுக்குமாக ஏழு அளவில் மட்டும் அடித்தார்கள். லீட்ஸ் நகரில் ஒரு தேவாலயத்தின் அத்திவாரத்தைத் தோண்டி ஒன்றை 1970இல் களவெடுத்தும் போனார்கள்.

இரண்டிலும் ஒரே விசயத்தைக் கவனியுங்கோ. ஒரு ஆளும் அந்தக் காசைக் கொடுத்துப் பாண் வாங்கவில்லை. சேகரிப்பவர்கள் காசுகளுக்கு 1 முதல் 70 வரை புள்ளி போடுவினம். தேய்மானம் கூடக்கூடப் புள்ளி குறையும். பல கைகள் பட்ட காசு மலிவு, ஆரும் தொடாத காசு விலை. காசு என்பது கைமாறத்தான் இருக்கு. ஏலத்தில் மட்டும் கைமாறாததுதான் மதிப்பு. பண்டத்தின் பயனும் பண்டத்தின் விலையும் எவ்வளவு தூரம் பிரியலாம் என்பதற்கு இதைவிடச் சின்ன, கையில் பிடிக்கக்கூடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்ப எங்கட பக்கத்துக்கு வருவம். அதே ஏலப் பட்டியல்களில், 'பிரிட்டிஷ் காசு' என்ற தலைப்பின் கீழேயே, 'கால் ஃபார்திங்' என்று ஒரு செப்புக்காசு வரும். 13 மில்லிமீற்றர் சொச்சம் அகலம், எங்கட சின்னிவிரல் நகத்தளவு. ஒரு பக்கம் விக்டோரியாவின் தலை, மறுபக்கம் கிரீடமும் ஆங்கில எழுத்தும். ஒரு பென்னியில் பதினாறில் ஒரு பங்கு. ஒரு பவுணுக்கு 3,840 காசு.

இந்தக் காசு இங்கிலாந்தில் செல்லாது. இலங்கையில் புழங்குவதற்காகவே லண்டனில் அடித்தது. 1825இல் இலங்கையில் இருந்த ரிக்ஸ் டொலரை ஒரு சிலிங் ஆறு பென்னி என்று கணக்கிட்டு, பிரிட்டிஷ் நாணயத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பிரிட்டனின் ஆகச் சின்னக் காசான ஃபார்திங்கே எங்கட சந்தைக்குப் பெரிசாக இருந்தது. ஒரு பிடி உப்பு, நாலு வெற்றிலை வாங்க அதையும் உடைக்க வேண்டியிருந்தது. முதலில் 1828இல் அரை ஃபார்திங் வந்தது, பிறகு 1839இல் கால் ஃபார்திங். அரை ஃபார்திங்கை 1842இல் பிரிட்டனிலும் செல்லுபடியாக்கினார்கள். கால் ஃபார்திங்குக்கு அந்த மரியாதை கடைசிவரை கிடைக்கவில்லை. அண்டைக்கு லண்டன் கடைக்காரன் வாங்காத காசு, இண்டைக்கு லண்டன் ஏலத்தில் 'பிரிட்டிஷ் காசு'.

அந்தக் காசில் இலங்கை என்ற பெயரே கிடையாது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அது ஆருக்காக அடிக்கப்பட்டது என்று காசைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கட மொழிதான் அந்தக் காலத்துக் காசுகளை நினைவு வைத்திருக்கு. துட்டு என்பது டச்சுக்காரரின் 'டொய்ற்' என்ற காசின் பெயர். "சல்லிக்காசுக்கும் வழியில்லை" என்று ஆச்சிமார் சொல்லுவினமே, சல்லியென்றால் இப்பிடியான ஆகக் கடைசிக் காசுதான்.

ஒரு கணக்குப் பாப்பம். 1839இல் 38 இலட்சத்து 40 ஆயிரம் கால் ஃபார்திங் அடித்தார்கள். 3,840ஆல் பிரியுங்கோ. மொத்தப் பெறுமதி வெறும் ஆயிரம் பவுண். இத்தனை இலட்சம் காசு, இத்தனை சந்தை, இத்தனை மடிச்சீலை, எல்லாம் சேர்ந்து ஆயிரம் பவுண்.

இன்னொரு கணக்கு. 1848இல் தேசாதிபதி டொரிங்ரன் காலத்தில் வீதிச் சட்டம் வந்தது. ஆண்கள் வருசத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேணும், இல்லாட்டி மூன்று சிலிங் கட்ட வேணும். மூன்று சிலிங் என்றால் 576 கால் ஃபார்திங். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி என்று வேறும் வந்தது. வரியைக் காசாகத்தான் கட்ட வேணும் என்றால், காசு தேடிக் கூலிக்குப் போகத்தான் வேணும். வீதி யாருக்கு? கோப்பித் தோட்டங்களிலிருந்து மூட்டை இறக்குவதற்கு. அந்த வருசம் மாத்தளையில் சனம் எழும்பியது. புரன் அப்புவை ஓகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள்.

அதே காலத்தில்தான் தென்னிந்தியாவிலிருந்து எங்கட மலையகத்து உறவுகளின் முன்னோர் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் கனபேர். கொழும்பில் கோப்பி பதப்படுத்திய ஆலைகள் தங்கட பெயர் பொறித்த உலோக வில்லைகளையும் அடித்தன. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்த ஆலை வில்லை அதில் ஒன்று. அதுவும் இண்டைக்கு ஏலப்பொருள். பட்டியலில் விட்டம் இருக்கும், நிறை இருக்கும், முந்தைய சேகரிப்பாளரின் பெயர் இருக்கும். கோப்பிக்கொட்டை பொறுக்கின பெண்ணின் பெயர் இருக்காது.

சரி, நாங்கள் என்ன கேக்கலாம்? "எல்லாத்தையும் திருப்பித் தா" என்பது ஒரு பதில். 1934இல் கண்டி மன்னனின் சிம்மாசனத்தைப் பிரிட்டன் திருப்பிக் கொடுத்தது. 2023இல் நெதர்லாந்து லெவ்கே பீரங்கியைக் கொடுத்தது. இரண்டும் சரியான காரியம். ஆனால் இரண்டும் அரசனதும் பிரபுவினதும் சொத்து என்பதைக் கவனிக்க வேணும். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இப்பிடித்தான் கோடு போடுது. 1815 மார்ச் 2, கண்டி வீழ்ந்த நாள், அதற்கு முந்தியதுதான் தொல்பொருள். அதன்படி 'சேது' என்று தமிழில் பொறித்த யாழ்ப்பாண மன்னரின் நந்திக் காசு தொல்பொருள். தோட்டத் தொழிலாளியின் கால் ஃபார்திங் பழைய செம்பு. அரசன் விழுந்த நாளோடு வரலாறு முடிஞ்சு போகுதா? வேலை செய்த சனத்தின் வரலாறு அதற்குப் பிறகுதானே கனக்க இருக்கு.

காசுகளை நாங்களே ஏலத்தில் வாங்கிச் சேர்ப்பம் என்று ஒரு தோழர் முன்பு கேட்டிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாங்கள் வாங்க வாங்க விலைதான் ஏறும், பெட்டிதான் மாறும். செலவில்லாமல் செய்யக்கூடியது மூன்று இருக்கு.

ஒன்று, வீட்டில் ஆச்சியின் பெட்டிக்குள் பழைய காசு இருந்தால், விற்க முதல் படம் எடுத்து, எந்த ஊர், ஆருடையது, எப்படி வந்தது என்று எழுதி வையுங்கோ. தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீங்கோ.

இரண்டு, சேதுக் காசுகள் ஏலத்துக்கு வரேக்குள்ள ஏல நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கோ: இது எப்ப, எந்த அனுமதியோடு இலங்கையை விட்டு வந்தது? ஒரு ஆள் கேட்டால் கடிதம், இருபது பேர் கேட்டால் அழுத்தம்.

மூன்று, எங்கட நகரத்திலேயே தேடுங்கோ. பிரெஞ்சுக்காரர் 'புதுச்சேரி' என்று தமிழில் பொறித்து அடித்த துட்டுகள் இருக்கு. தேசிய நூலகத்தின் நாணயப் பிரிவு ரிஷெலியூ வீதியில், இங்கிருந்து அரைமணித்தியாலம். அடுத்த மாதம் பத்துப் பேராவது சேர்ந்து போவம். போகமுதல், புதுச்சேரிக் காசுகளில் எதைப் பார்க்க வேணும் என்று ஒரு பட்டியல் போடுவம். பெயர் தர விரும்புகிறவர்கள் இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கோ.