பள்ளிக்குப் பின்



மனவளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் கல்வி உண்டென்பதற்கு, கோண்டாவிலில் 2004 இல் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை சான்றாகும். ஆனால், பள்ளிப் பருவம் கடந்தபின் அவர்கள் எங்கே செல்வர்? "எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்பது பெற்றோரின் ஏக்கம். 2009 வரை நீடித்த போர் உற்றாரைப் பறித்த வன்னியில், அவ்வேக்கம் மேலும் கனமானது.

தொழிலுக்குச் சேர்ப்பதிற் பாகுபாடு காட்டலாகாதென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயம், சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை வலியுறுத்துகின்றது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே அழைக்க வேண்டியவர் அயலவரே.

சனசமூக நிலையத்திற் பத்திரிகை அடுக்குதல், வற்றாப்பளைப் பொங்கலில் தாகத்தோடு வருவோர்க்கு மோர் வார்த்தல், நாற்றுகளுக்கு நீரூற்றுதல் முதலியவற்றைப் படிப்படியாகச் செய்து காட்டுங்கள், பலர் கற்றுக்கொள்வர். உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுங்கள். முப்பது வயதினரைக் குழந்தைபோற் கொஞ்சாது, வளர்ந்தவராக மதித்துப் பேசுங்கள். ஒருநாள் அவரைக் காணாவிடில், "ஏன் வரவில்லை?" என்று வீடு தேடிச் செல்லுங்கள். அவ்வாறு தேடிவரும் பத்துப்பேர் ஊரில் இருப்பார்களாயின், பெற்றோர் சற்றே நிம்மதியாகக் கண்ணயர்வர்.