அமானிதமும் கணினிக் கணக்கும்
(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

பொருளாளர் அவர்கள் வரவு செலவு அறிக்கையை வாசித்து அமர்ந்தபின், இமாம் எழுந்து அதே கணக்கைப் பற்றிப் பேசுவது நம் ஜமாஅத்தில் வழக்கமன்று. ஆயினும் நன்கொடைப் பதிவுகள் அனைத்தையும் கணினி மென்பொருளுக்கு மாற்றும் பணி தொடங்கிய நாள்முதல் நிர்வாகத்தார் நம்மிடம் கொண்டுவந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கணினிக் கேள்விகளே அல்ல. ஃபிக்ஹுடைய கேள்விகளாக இருந்தன. ஆகவே அவற்றை உங்கள் முன் வைப்பது கடமையெனக் கருதினோம்.

திருக்குர்ஆனின் ஆகப் பெரிய வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுதவேண்டும் என்பதும், தொகை சிறிதென்று எழுதச் சோம்பக்கூடாது என்பதும் அதில் அடங்கியுள்ளன. ஜகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யா என்பாரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் கணக்குக் கேட்டதும், ஒரு பகுதி தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என அவர் சொன்னதும், பெருமானார் அதைக் கண்டித்து மிம்பரில் பேசியதும் புகாரியில் இடம்பெற்ற செய்தி. பஹ்ரைனிலிருந்து ஐந்து இலட்சம் திர்ஹம் வந்து சேர்ந்தபோது, அத்தொகையைக் கேட்டு வியந்த உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பணத்தை எண்ணுவதற்கு ஆள் போதும். யாருக்கு எது உரியது என்று அறியப் பதிவேடு வேண்டும்.

நம் கதைக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டதை நாம் எவரும் மறக்கவில்லை. நம் அலுவலக அறையின் கீழ்த்தட்டில் இருந்த சந்தாப் பேரேடுகளும் ரசீது அடிக்கட்டைகளும் ஒரே இரவில் கூழாகிப் போயின. வெயிலில் காயவைத்துப் பிரித்துப் பார்த்தபோது எஞ்சியது நீலக் கறை மட்டுமே. அதன்பின் கணக்கு டாலிக்கு மாறியது. டாலி நல்ல மென்பொருள். ரொக்கம் எவ்வளவு, வங்கி இருப்பு எவ்வளவு, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு என்று செவ்வனே சொல்லும். ஆனால் கொடுத்தவர் யார், எந்த நிய்யத்துடன் கொடுத்தார், அத்தொகை எங்கே போய்ச் சேர்ந்தது என்பவற்றைக் காட்டும் விதத்தில் நாம் அதை அமைத்திருக்கவில்லை. கொடுப்பவர் விவரத்தையே மையமாகக் கொண்ட மென்பொருள்கள் வேறு உண்டு. 2005இல் வெளிவந்த சிவிசிஆர்எம் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பராமரிக்க ஆள் மட்டும் வேண்டும். அவ்வகையில் ஒன்றை நம் ஜமாஅத் இளைஞர்கள் அமைத்துத் தந்தனர். ஜஸாக்குமுல்லாஹு கைரா.

முதல் ரமழானிலேயே தவறு நேர்ந்தது. அதை மறைக்காமல் சொல்ல நிர்வாகத்தார் அனுமதி தந்துள்ளனர்.

நம்மிடம் நெடுங்காலமாக ஜகாத்துக்குப் பச்சை ரசீது, பொது நன்கொடைக்கு வெள்ளை ரசீது என்ற ஏற்பாடு இருந்தது. இரண்டு புத்தகங்களையும் பார்த்துக் கணினியில் ஏற்றியவர்கள் பெயர், தொகை, தேதி மூன்றையும் பிழையின்றி ஏற்றினார்கள். நிறத்தை ஏற்றவில்லை. ஏற்றுவதற்கு அங்கே கட்டமும் இல்லை. எல்லாம் 'நன்கொடை' என்ற ஒரே தலைப்பில் சேர்ந்தன. ஷவ்வால் மாதத்தில் மின்கட்டணமும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதும் அந்தத் தலைப்பிலிருந்தே செலுத்தப்பட்டன. மதரஸாப் பிள்ளைகளின் கணக்கைப் பார்க்கச் சென்ற நாம், ஜகாத் இருப்பு எவ்வளவு என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஜகாத் இருப்பு என்று ஒன்றைக் கணினியால் காட்டவே இயலவில்லை.

திருக்குர்ஆன் சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனத்தில் ஜகாத்துக்கு உரியவர்களை எட்டு வகையினராக வரையறுத்துவிட்டது. பள்ளிவாசல் விளக்கும் மோட்டாரும் அவற்றில் சேரா என்பதே நம் மத்ஹபுகளின் இமாம்களது முடிவு. ஜகாத் வசூலிக்கும் நிர்வாகம், கொடுத்தவரின் வகீல்; கொடுத்தவரின் அனுமதியின்றி அதைப் பிற பணத்துடன் கலந்துவிடும் வகீல் அதற்கு ஈடு செய்யும் பொறுப்பாளியாகிறார் என ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. தி.நகரில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம், "ஹஜ்ரத், நான் கொடுத்துவிட்டேன். நீங்கள் எழுதியதில் பிழை என்றால் என் ஜகாத் என்ன ஆகும்?" என்று கேட்டார். அக்கேள்விக்குப் பின் நமக்கு உறக்கம் வரவில்லை.

இஷாவுக்குப் பின் மூன்று இரவுகள் அமர்ந்து அடிக்கட்டைகளைக் கணினிப் பதிவுடன் ஒப்பிட்டோம். 43 பச்சை ரசீதுகள் கலந்திருந்தன. அத்தொகை முழுவதும் பொது நிதியிலிருந்து எடுத்து ஜகாத் நிதியில் மீண்டும் வைக்கப்பட்டது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் நடந்தது தெரிவிக்கப்பட்டது. பொது நிதியில் அதனால் ஏற்பட்ட பள்ளம்தான், இன்று பொருளாளர் வாசித்த அறிக்கையில் பெயின்ட் வேலை நின்றுபோனதற்குக் காரணம். இப்போது நிய்யத் கட்டம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஜகாத், ஃபித்ரா, ஸதகா, பள்ளிவாசல் பொது, மதரஸா, நோன்புக் கஞ்சி, கப்ருஸ்தான் ஆகியவற்றுள் ஒன்றைக் குறிக்காமல் ரசீது அச்சாகாது. வங்கி வட்டிக்குத் தனித் தலைப்பு உண்டு. நோன்புக் கஞ்சிக்குத் தமிழக அரசு 2001 முதல் அரிசி வழங்குகிறது என்பதால் அதற்குத் தனித் தலைப்பு எதற்கு என்று சிலர் கேட்டனர். அரிசி வருகிறது, பயறும் இஞ்சியும் பூண்டும் விறகும் சமையற்காரர் கூலியும் உங்களிடமிருந்தே வருகின்றன.

பெயர் விஷயம் சிறிது வேடிக்கையானது. இத்தகைய மென்பொருள்கள் மேலை நாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்கின்றன. நமக்கு ஏது குடும்பப்பெயர்? தந்தையின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். அதிலும் முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதி, நம் ஜமாஅத்தில் ஒருவரே கணினியில் ஐந்து பேராகிவிட்டார். பெயர் ஒத்த இருவர் ஒருவராகச் சேர்ந்ததும் உண்டு. சந்தா கட்டியவருக்கு நினைவூட்டலும் கட்டாதவருக்கு நன்றிக் கடிதமும் போயின. இப்போது வீட்டு எண்ணும் கைப்பேசி எண்ணும் ஒத்தாலன்றி இரு பதிவுகளை இணைப்பதில்லை.

இதைவிடக் கடினமானது யுபிஐ. சுவரில் ஒட்டியுள்ள கட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பும் சகோதரரின் பணம் நொடியில் வருகிறது. நிய்யத் வருவதில்லை. ஐயாயிரம் ரூபாய் வந்திருக்கும். ஜகாத்தா ஸதகாவா என்று குறிப்பு இராது. அதற்காக ஜகாத்துக்கும் பொது நிதிக்கும் இரு வேறு வங்கிக் கணக்குகளும் இரு வேறு கட்டங்களும் வைத்துள்ளோம். அவசரத்தில் மாற்றி அனுப்பியவர் அன்றே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். தொகையை உரக்க அறிவிக்கும் ஒலிப்பெட்டி ஒன்றையும் ஒரு தம்பி ஆர்வத்துடன் கொண்டுவந்து வைத்தார். அஸருடைய இரண்டாம் ரக்அத்தில் அது ஐம்பது ரூபாய் பெறப்பட்டதை அறிவித்தது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவரின் சிறப்பைப் பற்றி நாம் பயான் செய்த அதே வாரம்! பெட்டி திருப்பி அனுப்பப்பட்டது.

சென்ற பொதுக்குழுவில் பெரியவர் ஒருவர், 2023-24 நிதியாண்டில் மட்டும் ஜகாத் வரவு ஏன் இவ்வளவு உயர்ந்து காண்கிறது என்று கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. விடை பிறையில் இருக்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஹிஜ்ரி ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஹிஜ்ரி 1444இன் ரமழானில் மூன்று வாரம் 2023 ஏப்ரலில் விழுந்தது. 1445இன் ரமழான் 2024 மார்ச் 12இல் தொடங்கியதால் அதன் முதல் இருபது நாளும் அதே நிதியாண்டில் வந்து சேர்ந்தன. இரு ரமழான்களின் பெரும்பகுதியை ஓர் ஆண்டாக எண்ணினோம். வக்ஃபு வாரியத்துக்கு மார்ச் 31உடன் முடியும் கணக்கைத்தான் தரவேண்டும். ஜகாத் கொடுப்பவரோ பிறைக் கணக்கில் கொடுக்கிறார். இனி ஒவ்வொரு பதிவிலும் இரு தேதிகளும் இருக்கும்.

வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகள் அனுப்புவதில் ஒரு சொல். இந்தியக் குடியுரிமையுடன் துபாயிலோ ஜித்தாவிலோ வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அவரே சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டால், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென அனுமதி பெற்ற நிறுவனமே அதைப் பெறலாம். நம்மிடம் அவ்வனுமதி இல்லை. குடியுரிமையைக் கேட்கும் கட்டத்தைக் கண்டு மனவருத்தம் கொள்ளவேண்டாம்.

சிங்கப்பூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1975இல் அங்கே பள்ளிவாசல் கட்டுமான நிதி தொடங்கியபோது, முஸ்லிம் ஊழியரின் வருங்கால வைப்புநிதி வழியே மாதம் ஐம்பது காசு பிடிக்க ஏற்பாடாயிற்று. அந்தச் சிறு காசில் தோவா பாயோவின் முஹாஜிரீன் பள்ளி 1977இல் எழுந்தது. நம்மிலோ மாதச் சந்தாவை ஆண்டுக்கொரு முறை, அதுவும் நிக்காஹ் பதிவுக்கு வரும்போது கட்டுவோர் பலர். இருக்கட்டும்.

இறுதியாக, சொல்ல மனம் கூசும் ஒன்று. கொடுப்பவர் பட்டியலுடன் பெறுபவர் பட்டியலும் அதே கணினியில் இருந்தது. மாதாந்தர உதவி பெறும் விதவைகள், நோயாளிகள் ஆகியோரின் பெயர், முகவரி, காரணம் யாவும் அதில் இருந்தன. அரிசிப் பை விநியோகத்துக்கு ஆள் போதாமல், அப்பட்டியல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது. போட்டவர் தீய எண்ணம் கொண்டவரல்லர். மாலைக்குள் அது வேறு குழுக்களுக்கும் சென்றுவிட்டது. அடுத்த மாதம் ஒரு பை எடுக்கப்படாமலே இருந்தது. அதற்கடுத்த மாதமும் இருந்தது. நம் வீட்டார் அவ்வம்மையாரைப் பார்க்கச் சென்றபோது, உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்களாம். பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

பெரிய நிறுவனங்களிலும் இது நேர்ந்துள்ளது. உலகெங்கும் தொண்டு நிறுவனங்களின் நன்கொடைப் பதிவுகளைப் பேணிவரும் அமெரிக்காவின் பிளாக்பாட் நிறுவனத்தில் 2020இல் திருடர்கள் புகுந்து தரவுகளை நகலெடுத்தனர். நிறுவனம் அவர்களுக்குப் பணம் கொடுத்தது; 2023இல் 49 மாநிலங்களுடனும் தலைநகருடனும் 4 கோடியே 95 இலட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் நமக்கு வெளித்திருடன் தேவைப்படவில்லை.

ஆகவே நிர்வாகத்தார் நம் வேண்டுகோளை ஏற்று, பெறுபவர் பட்டியலை அந்தக் கணினியிலிருந்தே நீக்கிவிட்டனர். அது தனியே, பெயரின்றி எண்களாக வைக்கப்பட்டுள்ளது. எண்ணுக்குரிய பெயர் முதவல்லிக்கும் பைத்துல்மால் பொறுப்பாளருக்கும் மட்டுமே தெரியும். நமக்கும் தெரியாது, தெரியவேண்டாம் என்று நாமே கேட்டுக்கொண்டோம். பை இனி வீட்டுக்கு இரவில் போகும். தத்தம் பதிவைச் சரிபார்க்க விரும்புவோர் ஞாயிறு தோறும் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பழைய ரசீது வைத்திருப்போர், குறிப்பாகப் பச்சை ரசீது, அதையும் எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.