வீட்டில் ஓர் ஓவியக் குறிப்பேடு

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இன்று வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களிலிருந்து வேலை நாடி வந்தவை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் டைட்டனும் இங்கு ஆலைகள் அமைத்த 1980-களுக்குப் பின், சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஒரு புதிய ஊரே எழுந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும் கன்னடமும், வீட்டில் தமிழும் பேசி வளர்கிறார்கள். இவை யாவும் செல்வங்களே. ஆயினும் ஒன்று மட்டும் கைநழுவிக் கொண்டிருக்கிறது. தாத்தா பிறந்த ஊரில் ஜினாலயம் எத்திசை நோக்கியது, பாட்டி நோன்பு நாளில் என்ன சமைத்தார், எந்தச் சொல்லால் யாரை அழைத்தார் என்று கேட்டால், மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு விடை தெரியவில்லை. கேட்டுச் சொல்லக்கூடிய முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இதற்கு ஒரு சிறு பரிகாரம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் வாரந்தோறும் ஒரு குறிப்பேட்டைத் திறந்து அமர்வதே அது. அதில் எழுத்து இருக்கும், படம் இருக்கும், ஒட்டிய தாளும் துணியும் நூலும் உலர்ந்த இலையும் இருக்கும். இதனை இக்காலத்தார் ஆர்ட் ஜர்னல் என்கின்றனர். நாம் ஓவியக் குறிப்பேடு என்போம்.

வழக்கம் பழையது

இது வெளியிலிருந்து வந்த நாகரிகம் என்று எண்ண வேண்டுவதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. ஆநிரை மீட்டோ ஊர் காத்தோ வீழ்ந்த வீரனின் உருவம் கல்லில் இருக்கும். அதே கல்லில் சில வரி எழுத்தும் இருக்கும். உருவம் மட்டும் இருந்தால் யாரென்று தெரியாது. எழுத்து மட்டும் இருந்தால் அவன் எப்படி நின்றான் என்று தெரியாது. இரண்டும் ஒரே கல்லில் அமைந்ததனால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவனை நாம் அறிகிறோம்.

நம் மரபுக்கே உரிய சான்று காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் உள்ளது. அங்குள்ள சங்கீத மண்டபத்தை 1387-இல் விசயநகர அமைச்சர் இருகப்பர் எடுப்பித்தார். அதன் மேற்கூரையில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. படத்தை விளக்கும் குறிப்புகளும் உடன் எழுதப்பட்டுள்ளன. டி. என். இராமச்சந்திரன் 1934-இல் வெளியிட்ட நூல் இவ்வோவியங்களை அறிஞருலகுக்கு விரிவாக அறிமுகம் செய்தது. கருநாடகத்து மூடபித்ரியில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தவளை ஏடுகள் உள்ளன. பனையோலையின் குறுகிய பரப்பிலேயே எழுத்துக்கு இடையில் வண்ண ஓவியங்கள் அமைந்திருக்கின்றன. வடநாட்டுச் சமணர் தம் ஊருக்கு எழுந்தருளுமாறு முனிவர்களுக்கு அனுப்பிய விஞ்ஞப்தி பத்திரங்கள் நீண்ட ஓவியச் சுருள்களே. அவற்றுள் புகழ்பெற்றது 1610-இல் ஆக்ராச் சமணர் விசயசேன சூரிக்கு விடுத்தது. உஸ்தாத் சாலிவாகனர் அதில் படம் வரைந்தார். பரியூஷண நாள்களில் உயிர்க்கொலை கூடாது என்ற ஜஹாங்கீரின் ஆணை குறித்த காட்சியை அச்சுருளில் காணலாம். தொலைவில் இருப்பவர்க்குத் தம் ஊரைக் காட்ட விரும்பியவர்கள், எழுத்து மட்டும் போதாது என்று உணர்ந்திருந்தனர்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுப் பெட்டியைத் திறந்தாலே ஒரு கோல நோட்டு கிடைக்கும். பதினைந்து புள்ளி, எட்டு வரை நிறுத்தம் என்ற குறிப்பு ஒரு பக்கம். மறுபக்கம் ஊறுகாய்க்கு உப்பு அளவு. அதன் ஓரத்தில் உறவினர் பிள்ளை பிறந்த நாளும் நட்சத்திரமும். கல்லூரி காணாத பெண்கள் பென்சிலால் வைத்திருந்த அந்நோட்டுகள்தாம் தமிழ்நாட்டின் உண்மையான ஓவியக் குறிப்பேடுகள். மறுநாள் காலையில் அழிந்துபோகும் கோலத்துக்கு அவை நினைவாக நின்றன.

இரண்டு நாழிகை

குறிப்பேடு தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். முதல் பக்கத்தை அழகாக முடித்து, அடுத்த பக்கமும் அவ்வாறே அமைய வேண்டுமே என்று அஞ்சி நிறுத்திவிடுவர். அச்சம் தீர வழி, காலத்தை அளந்து கொள்வது. சாமாயிகத்துக்கு நம் மரபு வகுத்த அளவு ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். வாரத்துக்கு ஒருமுறை அந்த அளவையே குறிப்பேட்டுக்கும் வைத்துக் கொள்ளலாம். நேரம் முடிந்ததும் பக்கம் எந்நிலையில் இருந்தாலும் மூடிவிட வேண்டும். அழகு தானே வரும், வராவிட்டாலும் குறையில்லை.

சாமாயிகத்துக்கும் பிரதிக்கிரமணத்துக்கும் குறிப்பேடு ஈடாகாது. அவை ஆன்மாவின் கடமைகள். எனினும் கழிந்த நாளைத் திரும்பிப் பார்த்து, செய்ததைச் செய்தேன் என்றும் தவறியதைத் தவறினேன் என்றும் ஒப்பும் பழக்கம் சமணர்க்குப் புதிதன்று. அப்பழக்கம் உள்ள குடும்பத்துக்குக் குறிப்பேடு எளிதில் கைவரும்.

ஓர் எடுத்துக்காட்டு. அந்திக்கு முன் உண்பது நம் ஒழுக்கம். ஞாயிறுதோறும் மாலையில் கதிரவன் மறையும் நேரத்தைக் குறித்து, அன்றைய வானத்தின் நிறத்தை ஒரு சிறு கட்டத்தில் தீட்டுக. ஒசூரில் நவம்பர் நடுவில் ஆறு மணிக்குச் சற்று முன்னரே பொழுது சாய்ந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது சாயும். ஓராண்டில் 52 கட்டங்கள் சேரும். கதிரவன் ஒரு மணி நேர அளவு முன்னும் பின்னும் நகர்வதைப் பிள்ளை தன் கைவண்ணத்தாலேயே காணும்.

அதே பக்கத்தில் மற்றொன்றையும் குறிக்கலாம். ஆலையில் இரண்டாம் ஷிப்டு செல்லும் தந்தைக்கு அந்திக்கு முன் உணவு வாய்ப்பது அரிது. வாய்த்த நாளுக்கு ஒரு புள்ளி, வாய்க்காத நாளுக்கு ஒரு வெறுங்கட்டம். யாரையும் குறைகூற இது வேண்டா. பிழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் இடையில் ஒரு குடும்பம் எவ்வாறு நின்றது என்பதற்கு அதைவிட நேர்மையான சான்று பேரப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

பொருளிலும் அறம்

ஓவியப் பொருள்களை வாங்கும்போது நம்மவர் ஒரு கணம் நின்று பார்த்தல் வேண்டும். உயர்ந்த தூரிகைகள் சில, விலங்கின் முடியால் ஆனவை. கீரி முடித் தூரிகை விற்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு தூரிகைக்குப் பின்னே எத்தனை கீரிகள் வலையில் வீழ்கின்றன என்று எண்ணினால் கை நடுங்கும். நைலான் போன்ற செயற்கை இழைத் தூரிகை விலையும் குறைவு; வேலையும் நன்று. கார்மைன் எனப்படும் சிவப்பு, ஒருவகைப் பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுப்பது. ஐவரி பிளாக் என்ற கருமை எலும்புக்கரி. சில நீர்வண்ணங்களில் தேனும் மாட்டுப் பித்தமும் சேர்கின்றன. விலையுயர்ந்த ஓவியத் தாள்களில் சிலவற்றுக்கு ஜெலட்டின் பூசுகின்றனர். கடைக்காரரிடம் கேட்டு, உறைமேல் எழுதியிருப்பதைப் படித்து, உயிர்ப்பொருள் கலவாதவற்றைத் தேர்வதே ஒரு நோன்புப் பயிற்சியாகும்.

மண்ணே நல்ல வண்ணம் தரும். இவ்வட்டாரத்துச் செம்மண்ணைக் கரைத்து, வண்டல் படியவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, வேலம்பிசின் நீர் கலந்தால் மங்காத காவி நிறம் கிடைக்கும். மஞ்சள்தூள் அழகிய நிறம் தரும். ஆனால் வெயில் பட்டால் வெளிறிவிடும்.

பசையிலும் கருத்து வேண்டும். மைதாப் பசையால் ஒட்டினால் பூச்சி தேடி வரும். வந்தபின் அதைக் கொல்லும் மருந்தைத் தேட நேரும். வேலம்பிசினோ வெள்ளைச் செயற்கைப் பசையோ மெல்லிதாகத் தடவினால் அந்த வம்பு குறையும். நம் முன்னோர் ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவியதும், பெட்டியில் வசம்பும் வேப்பிலையும் இட்டதும் பூச்சி அணுகாதிருக்கத்தான். இன்றைக்கும் குறிப்பேட்டுப் பெட்டியில் ஒரு துண்டு வசம்பு போதும். மலரையும் இலையையும் கிள்ள வேண்டா. உதிர்ந்ததை எடுத்து, முட்டையோ புழுவோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கனமான புத்தகத்தின் அடியில் இரு வாரம் வைத்தால் ஒட்டுவதற்கு உலர்ந்துவிடும். அரிசியால் சுவத்திகமும் மூன்று புள்ளியும் பிறையும் இட்டு வழிபடும் நாம், குறிப்பேட்டில் அதை அரிசியால் ஒட்டாமல் வண்ணத்தால் வரைந்து முதல் பக்கமாக்கலாம்.

சில நடைமுறைகள். பேருந்தில் இப்போது இயந்திரம் தரும் சீட்டில் எழுத்து விரைவில் மறையும். ஊர்ப்பெயரையும் நாளையும் அருகில் பேனாவால் எழுதி வைக்க வேண்டும். செய்தித்தாள் நறுக்கு மஞ்சளித்து நொறுங்கும்; முக்கியமானதாயின் நகலெடுத்து ஒட்டுக. ஒட்ட ஒட்ட ஏடு தடித்து முதுகு பிளக்கும். நான்கு தாளுக்கு ஒரு தாளைத் தண்டில் ஒரு விரற்கடை விட்டு நறுக்கிவிட்டால் ஏடு சீராக மூடும்.

எதை வைப்பது

ஊரிலிருந்து வந்த நோன்பு அழைப்பிதழின் ஓரம், பாட்டியின் பழஞ்சேலைக் கரை, தாத்தா கைப்பட எழுதிய முகவரி, மாம்பழக் கூழ் ஆலைகள் இயங்கும் மாதங்களில் கிருஷ்ணகிரிச் சாலையில் எழும் மணம் பற்றிய ஒரு வரி, மாவிலையின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த நரம்புக் கோலம் என எல்லாம் இடம் பெறலாம். முதியவர் ஒருவரிடம் ஒரு சொல் கேட்டு, அச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, அதன் பொருளைப் பிள்ளை படமாக வரையட்டும். ஆண்டுக்கு 52 சொற்கள் பிழைக்கும். தசலட்சண நாள்களில் பொறை முதல் பிரமசரியம் வரை நாளுக்கு ஒரு பக்கம் வைத்தால் பத்துப் பக்கங்கள் நிறையும்.

எழுத்து நீள வேண்டியதில்லை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சில சொற்களில் வெட்டி வைத்தார்கள். பெயர், நாள், செயல் என்று மூன்றே செய்திகள். பல நூற்றாண்டு கடந்தும் படிப்போர் நெஞ்சு நெகிழ்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இம்மூன்றும் தவறாமல் இருந்தால் போதும். பெயரும் நாளும் இல்லாத அழகிய பக்கம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் யாருடையது என்று தெரியாத ஒரு படமாகிவிடும்.

பற்றுக்கும் ஓர் அளவு

இங்கே ஒரு வினா எழும். பற்றை விடச் சொல்லும் அறத்தில் பிறந்தவர்கள் கிழிந்த சேலைக் கரையையும் பழஞ்சீட்டையும் சேர்த்து வைக்கலாமா? வினா நியாயமானதே. இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தது, பொருளுக்கு அளவு கட்டிக் கொள்ளும் விரதம். அதே விதியைக் குறிப்பேட்டிலும் மேற்கொள்ளலாம். ஆண்டுக்கு ஓர் ஏடு. அதற்கு மேல் இல்லை. ஏட்டில் இடமில்லாத பொருள் வீட்டிலும் தங்கக் கூடாது. சேலையிலிருந்து ஒரு விரலளவு கரை ஏட்டுக்குப் போனால், மீதச் சேலை உடுத்துவார்க்குப் போகட்டும். அவ்வாறு பார்த்தால் குறிப்பேடு பொருளைச் சேர்ப்பதைவிடப் பொருளை விடுவதற்கே துணை செய்யும். பெட்டி நிறைய இருந்த நினைவு ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

பிறர் பாராட்டுக்காகப் பக்கந்தோறும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதும் வேண்டா. காண்பார்க்காக வரையத் தொடங்கினால், வெறுங்கட்டங்கள் மெல்ல மறைந்து புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். ஏடு வீட்டுக்குள் இருக்கும்வரைதான் அது மெய் பேசும்.

பெரியோர்களே, ஓலையில் எழுதிய நம் முன்னோரின் சுவடிகள் பல கிரந்தம் படிப்பார் இன்றியே மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள், படிக்க ஆள் இருக்கும் என்று நம்பியே எழுதினார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு, நம் பிள்ளைகள் படிக்கக்கூடிய ஏடு ஒன்றை நம் கையால் விட்டுச் செல்வது. ஒரு வரைதாள் ஏடு, இரண்டு தூரிகை, ஒரு புட்டிப் பசை, வாரத்தில் இரண்டு நாழிகை. வீட்டில் மூத்தவர் ஒருவர் இருப்பின், வரும் ஞாயிற்றுக்கிழமையே அவரை அருகில் அமர்த்திக் கொண்டு முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். அவர் பிறந்த ஊரின் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் நாள் தள்ள வேண்டா.