ஏறும் முன் பரணைப் பார்ப்போம்

(தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசவே நமக்கு நேரம் போதுவதில்லை. ஆனாலும் இன்று ஒரு சின்ன விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். சின்ன விஷயம் என்று விட்டுவிட்டால் ஒரு குடும்பத்தையே முடக்கிப்போடும் விஷயம் இது. நம்முடைய மரக்கறித் தோட்டங்களில் மரத்தின் மேல் கட்டி வைத்திருக்கும் காவல் பரணைத்தான் சொல்கிறேன்.

பரண் ஏன் வந்தது? வாங்குகிற சம்பளம் போதாததால் லயத்துக்குப் பின்னாலும் ஆற்றோரத்திலும் கிடைத்த துண்டு நிலத்தில் போஞ்சி, உருளைக்கிழங்கு, மரவள்ளி போடுகிறோம். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் வந்து கிளறிவிட்டுப் போகிறது. மொனராகலைப் பக்கம் யானையும் வருகிறது. அதனால் பகலில் மலையில் வேலை செய்தவர், இரவில் டோர்ச்சும் தகர டின்னுமாகப் பரணில் ஏறி உட்காருகிறார்.

காவல் இருப்பது தவறில்லை. கம்பிச் சுருக்கு, கட்டுத்துப்பாக்கி, மின்சாரக் கம்பி என்று வைப்பதுதான் தவறு. அது சட்டப்படி குற்றம். அதோடு, பன்றிக்கு வைத்தது பன்றிக்கு மட்டும் என்று நிற்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கி, சில நாட்களில் செத்துப்போனதை நாடே பார்த்தது. விறகுக்குப் போகும் நம் பெண்களின் காலும் அதே பாதையில்தான் போகிறது. ஆகவே, பொறி வைக்காதீர்கள், காவல் இருங்கள் என்று சொல்கிற நாம், அந்தக் காவல் பரண் ஆளைக் கொல்லாமல் இருக்கவும் வழி சொல்ல வேண்டும்.

நம் பரண்கள் பெரும்பாலும் எப்போதோ கட்டியவை. அப்பா கட்டினார், மகன் ஏறுகிறான். "போன வருஷம் தாங்கியதுதானே" என்கிறோம். போன வருஷம் தாங்கியது இந்த வருஷத்துக்குச் சாட்சி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது, மரம் உயிருள்ளது. வருஷா வருஷம் பருக்கிறது. பலகையை மரத்தோடு இறுக்கி ஆணி அடித்தால், பருக்கும் மரம் பலகையை வெளியே தள்ளும். ஆணித் தலை பலகைக்குள் புதைந்து ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். கம்பியால் சுற்றிக் கட்டினால் கம்பி பட்டைக்குள் இறங்கி, மேலே உள்ள பகுதியைப் பட்டுப்போகச் செய்யும். காற்றில் மரம் ஆடும்போது கட்டுகளும் ஆணிகளும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தளர்கின்றன.

இரண்டாவது, உளுத்தல் உள்ளே இருந்து தொடங்குகிறது. ஆணி இறங்கிய துளையிலும், பலகையின் வெட்டு முனையிலும், மேலே விரித்த சாக்குக்கு அடியிலும்தான் ஈரம் தங்குகிறது. வெளியே பார்த்தால் நல்ல பலகை, உள்ளே மாவு. கயிறும் அப்படித்தான். தேங்காய்நார்க் கயிறு மழையில் இற்றுப்போகும். நைலோன் கயிறு வெயிலில் வெளுத்து முறுகி அறுந்துபோகும்.

மூன்றாவது, மரமே சரியில்லாமல் இருக்கலாம். அல்பீசியா வேகமாக வளரும், வேகமாகவே கிளை முறியும். வெட்டி வெட்டித் தழைத்த சவுக்கின் கிளையை நம்ப முடியாது. பட்ட மரத்தில், பொந்து விழுந்த மரத்தில், அடியில் காளான் பூத்த மரத்தில் பரண் இருக்கவே கூடாது.

சரி, எப்படிப் பார்ப்பது? பகல் வெளிச்சத்தில், இரண்டு பேராகப் பாருங்கள். முதலில் தரையில் நின்று பாருங்கள். பரண் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஆணி வெளியே வந்திருக்கிறதா? துரு வடிந்த கறை இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஏற வேண்டாம். அடுத்து வேறொரு நல்ல ஏணியை வைத்து, ஏணியில் நின்றபடியே கவ்வாத்துக் கத்தியின் நுனியால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக இறங்கினால் அந்தப் பலகை முடிந்தது. ஒரு பலகை உளுத்திருந்தால் மற்றதும் அதே வயதுதான். ஒட்டுப் போடாதீர்கள், பிரித்துவிடுங்கள். மேற்குப் பக்கத் தோட்டங்கள் தென்மேற்குப் பருவமழை முடிந்ததும், ஊவாப் பக்கத் தோட்டங்கள் வடகீழ்ப் பருவமழை முடிந்ததும், கட்டாயம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி. இவ்வளவு உயரம் எதற்கு? யானை வரும் இடத்தில் உயரம் வேண்டும். பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் 20 அடி உயரம் எதற்கு? மரத்தைத் தொடாமல் நான்கு கால் நட்டு, மூன்று நான்கு அடி உயரத்தில் தட்டு அடித்து, மேலே தகரம் போட்ட குடில் போதும். தவறி இறங்கினாலும் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். விழும் உயரத்தைக் குறைப்பதை விடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை.

உயரப் பரணில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் சில ஒழுங்குகள். ஏணியிலிருந்து பரணுக்குக் காலை மாற்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும். டோர்ச்சையும் தேத்தண்ணிப் போத்தலையும் கையில் தூக்கிக்கொண்டு ஏறாமல், ஏறிய பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள். குடித்தவர் ஏறக் கூடாது. சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் அதிகம். முதல் இடி கேட்டதும் இறங்கிவிடுங்கள். எந்தப் பரணில் இருக்கிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் ஏணியை எடுத்துவிடுங்கள். நாம் விட்டுவைத்த பரணில் பகலில் ஏறி விளையாடுவது நம் பிள்ளைகள்தான்.

இனி உரிமைப் பிரச்சினை. சொந்த மரக்கறித் தோட்டத்தில் விழுந்தால் செலவு முழுவதும் நம் தலையில். ஆனால் நாற்றுமேடையையோ இளந்தேயிலையையோ காவல் காக்க நிர்வாகம் உங்களை அனுப்பினால், அது வேலை. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். அதனால் இரவுக் காவலுக்குப் பெயர் கொடுக்கும்போதே செக்ரோலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். "பரணை நீயே கட்டிக்கொள்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உறுதியான பரண், நல்ல ஏணி, உயரத்தில் வேலை செய்பவர் உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டி ஆகியவற்றைத் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியைத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். விபத்து நடந்தால் அன்றே தோட்ட அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால் அவசரப்பட்டுக் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். சாக்கில் போட்டுத் தூக்காதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால், அப்படித் தூக்குவதே அவரை நிரந்தரமாகப் படுக்கையில் போட்டுவிடலாம். அசையாமல் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வண்டி வர முடியாத இடமாக இருந்து, தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒருவர் தலையை ஆடாமல் பிடிக்க, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கதவில் அல்லது அகலப் பலகையில் நேராகக் கிடத்திக் கொண்டு போங்கள்.

தோழர்களே, இந்த வகுப்பு முடிந்து போனதும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். டிவிஷன் டிவிஷனாக நடந்து பரண்களை எண்ணுங்கள். உளுத்ததைச் சொந்தக்காரர் முன்னிலையிலேயே பிரியுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து தாழ்வான குடில் கட்டிக் கொடுங்கள். ஒரு குடிலுக்கு நாலு கம்பும் அரை நாள் வேலையும் போதும். இடுப்பு உடைந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் படும் பாட்டை நினைத்தால் அது பெரிய செலவே இல்லை. எத்தனை பரண் பார்த்தோம், எத்தனை பிரித்தோம் என்று அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கணக்கோடு வாருங்கள்.