கோடாக வரும் பிறவி மரு
(உறுப்பினர் கூட்டத்தில் ஒரு தோல் மருத்துவர் ஆற்றிய உரை)



சில குழந்தைகளுக்குக் கழுத்திலோ, கையிலோ, காலிலோ பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான மருக்கள் ஒரே கோடாக வரிசை பிடித்திருக்கும். மருத்துவத்தில் இதற்கு 'வெர்ரூகஸ் எபிடெர்மல் நீவஸ்' என்று பெயர். பிறக்கும்போதே இருக்கலாம், முதல் சில ஆண்டுகளில் தோன்றலாம். பருவ வயது வரை தடித்து நீளும். பிறகு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும்.

இது வைரஸால் வரும் மரு அல்ல, யாருக்கும் ஒட்டாது. கர்ப்பிணி கிரஹணத்தில் வெளியே வந்ததாலும் வருவதில்லை. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த மரபணு மாற்றம், அந்தச் செல் பெருகிச் சென்ற பாதையில் கோடாகத் தெரிகிறது. இந்தப் பாதைகளை 1901-ல் வரைந்து காட்டியவர் பெர்லின் தோல் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ. ஆகவே தாயாரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இனி சிகிச்சை. யூரியா, சாலிசிலிக் அமிலம், ரெட்டினாய்டு கலந்த களிம்புகள் சொரசொரப்பைக் குறைக்கும். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும், கார்பன் டை ஆக்ஸைடு அல்லது எர்பியம் லேசரால் நீக்குவதும் அடுத்த வழிகள். இதில் ஒரு சங்கடம் உண்டு. மேலாக நீக்கினால் மறுபடி முளைக்கும். ஆழமாகப் போனால் தழும்பு விழும். நம் நிறத் தோலில் கறுப்போ வெளுப்போ தங்கிவிடவும் கூடும். கத்தியால் முழு ஆழத்துக்கு எடுத்தால் திரும்புவது குறைவு. ஆனால் சிறிய மருவுக்கே அது ஏற்றது, தையல் தழும்பும் நிற்கும். வீட்டில் சுண்ணாம்பு, ஆசிட் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

"அடுத்த மாதம் முகூர்த்தம், அதற்குள் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று பெண்ணைப் பெற்றவர்கள் வருகிறார்கள். லேசர் செய்த இடத்துச் சிவப்பு அடங்கவே மாதக்கணக்காகும். மறைவான ஓரத்தில் சிறிது செய்து, சில மாதம் பொறுத்துப் பார்த்த பின்பே மீதியைத் தொட வேண்டும். அந்தப் பெண்ணுக்கே அது உறுத்தவில்லை என்றால் சும்மா விடுவதும் சரியான முடிவுதான்.

கல்யாணத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மருவில் ஒரு வகை, 'எபிடெர்மோலிடிக்' என்பது. சிறு தோல் துணுக்கைச் சோதித்தால் தெரியும். இவர்களில் சிலருக்குப் பிறக்கும் குழந்தைக்கு உடல் முழுவதும் தோல் தடிக்கும் நோய் வரலாம். பெண்ணானாலும் பிள்ளையானாலும் மரபணு ஆலோசனை அவசியம். மரு உடலில் பரவலாக இருந்தால் கண், நரம்பு, எலும்புகளையும் பரிசோதிக்க வேண்டும். திடீரென்று கட்டி எழும்பினாலோ புண்ணானாலோ உடனே காட்டுங்கள்.

கோட்டை அழிக்கும் அவசரத்தில் இந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள்.