அணைக்கு வாங்கிய நிலம் யாருக்கு?

(பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)

தோழர்களே!

ஓர் ஊருக்குப் பக்கத்தில் பெரிய வேடிக்கை ஸ்தலம் ஏற்பட்டுவிட்டால், "இனி உங்கள் ஊருக்கு யோகந்தான்" என்று பலர் சொல்லுகிறார்கள். அந்த யோகம் யாருக்கு என்பதைத்தான் இன்று சற்றுக் கணக்குப் பார்க்க விரும்புகிறேன்.

குஜராத்தில் நர்மதை ஆற்றில் கெவாடியா என்னுமிடத்தில், 182 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய் செலவில், வல்லபாய் பட்டேல் அவர்கள் சிலையை நிறுத்தி 2018-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி திறந்தார்கள். சிலை நிற்பதென்னவோ ஆற்றிலுள்ள ஒரு சிறு தீவில்தான். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்தா, ஓட்டல், தோட்டம், மிருகக்காட்சி சாலை இவைகளுக்கெல்லாம் இடம் சுற்றுப்புறத்தில்தானே வேண்டும்?

அங்கே கெவாடியா, கோதி, வாகடியா, லிம்டி, நவாகாம், கோரா என்று 6 கிராமங்கள். குடிகள் பெரும்பாலும் தட்வி என்னும் ஆதிவாசிகள். 1961-ம் வருஷத்தையொட்டி இவர்கள் நிலங்களை அணைக்கட்டு வேலைக்கென்று சர்க்கார் எடுத்துக்கொண்டது. அந்த நிலங்கள் அணையில் முழுகவில்லை. ஆபீசுக்கும் சிப்பந்திகள் குடியிருப்புக்கும் போக மிச்சத்தில் பழைய குடிகளே உழுது ஜீவித்து வந்தார்கள். 2017-ல் அணை முடிந்தது. நிலமோ திரும்பவில்லை, பிரயாணிகளுக்கென்று ஆகிவிட்டது. 2020 மே மாதத்தில், கொரோனா ஊரடங்கில் ஜனங்கள் வீட்டோடு கிடந்த சமயம் பார்த்து வேலி போடவும் வந்தார்கள். குடிகள் தடுத்தார்கள், விவகாரம் ஹைகோர்ட்டு வரைக்கும் போயிற்று.

சர்க்கார் தரப்பார் சொல்லும் சமாதானம் என்னவென்றால், நிலம் அன்றே சட்டப்படி தங்களுடையதாகிவிட்டது, நஷ்டஈடும் கொடுத்தாயிற்று, இப்போது பிழைப்பும் கிடைக்கிறது என்பதாகும். உள்ளூர்ப் பெண்கள் மின்சார ஆட்டோ ஓட்டிச் சம்பாதிக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஒரு காரியத்துக்கென்று வாங்கிய நிலத்தை வேறு லாபத்துக்கு விட்டால், அந்த லாபத்தில் பழைய குடிக்குப் பாத்தியதை இல்லையா? சொந்த நிலத்தில் உழுதவன் அதே நிலத்தில் கூலிக்காரனாவதற்குப் பெயரா யோகம்? "தலைவிதி" என்றதும் வாயடைத்துப்போவது போலவே, "பொதுநன்மை" என்றதும் வாயடைத்துப்போக வேண்டுமா? அந்தப் பொதுவில் இந்த 6 கிராமத்தாரும் சேர்ந்தவர்கள்தானே?

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1928-ல் பர்தோலியில் வரி உயர்வை எதிர்த்த குடியானவர்களுக்குத் தலைமை வகித்து, பறிமுதலான நிலங்களைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் இதே பட்டேல்தான். அவர் சிலையைக் காட்டியே குடியானவன் நிலத்துக்கு வேலி போடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகுமா?

தோழர்களே! வேடிக்கை ஸ்தலமே கூடாதென்பது நமது வாதமல்ல. வேண்டாத நிலத்தைத் திருப்பிக் கொடு. வேண்டிய நிலத்துக்கு வருஷா வருஷம் வாடகை கொடு. விஸ்தரிக்குமுன் கிராமத்தாரைக் கேள் என்பதே நமது வாதம். நாளை உங்கள் ஊர் மலைக்கோ, அருவிக்கோ, கடற்கரைக்கோ இப்படியொரு திட்டம் வந்தால், மாலையைப் பார்த்து மயங்காதீர்கள். பட்டா யார் பேரில், வாடகை யாருக்கு, வேலை முடிந்தால் நிலம் யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கைதட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.